தொட்டால்தான் அடிக்கும்

அன்றைக்கு என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது. "யாரோ தொடுதாவ அண்ணாச்சி. தொட்டாத்தான் இது அடிக்கும்" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அந்தச் சொல்லுக்காக ஒரு மனிதனின் கை உடைந்தது.

என் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். ஹாரன், ஹெட்லைட், செல்ஃப் மோட்டார், அலாரம் என்று வண்டியில் கரண்டு ஓடுகிற எதையும் பார்ப்பேன். கோபம் வந்தால் ஸ்பானரைத் தூக்கி எறிகிறவன் என்று எனக்கு ஊருக்குள் ஒரு பெயர் உண்டு. பெயர் சரிதான்.

வண்டி இசக்கித்துரை அண்ணாச்சியுடையது. இரண்டு விசைத்தறி ஷெட், கரிவலம்வந்தநல்லூர் பக்கம் நிலம், வெள்ளை வேட்டி, யாரைப் பார்த்தாலும் ஒரு முறைப்பு. நாலு மாதத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் ஒருவரிடமிருந்து அந்தப் பெரிய வெள்ளைக் காரை வாங்கினார். பழைய சொந்தக்காரர் மாட்டிய அலாரம் அதோடு வந்தது. தினமும் காலையில் காரைக் கழுவி, ரிமோட்டை அமுக்கிவிட்டு உள்ளே போவார். அரை மணி நேரத்துக்குள் தெருவே அதிர அது அலறும். வெளியே ஓடிவந்து பார்த்தால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்.

இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள சின்னப் பெட்டிதான் அலாரத்துக்கு மூளை. அதற்குச் சேதி சொல்ல நாலைந்து காவல்காரர்கள் உண்டு. கதவு திறந்தால் சொல்ல ஒருவன், டிக்கிக்கு ஒருவன், பானெட்டுக்கு ஒருவன், வண்டியைத் தட்டினால் சொல்ல ஷாக் சென்சார் என்று ஒருவன். ஒவ்வொருவனாகக் கழற்றி வைத்துவிட்டு, எவன் பொய் சொல்கிறான் என்று காத்திருந்து கண்டுபிடிக்க வேண்டும். அரை நாள் ஆகும். அன்றைக்குக் கடையில் ஒரு லாரிக்காரன் கழுத்தில் உட்கார்ந்திருந்தான். பேட்டரியைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஷாக் சென்சாரின் திருகைக் கொஞ்சம் குறைத்தேன். சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

தொடுவது என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் பார்த்துத்தான் பேச வேண்டும். எவன் எதைத் தொடலாம், எவன் தொடக் கூடாது என்று மனதுக்குள் பட்டியல் வைத்திருக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இசக்கித்துரை அதில் முதல் ஆள். இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். லாரிக்காரனுக்குப் பயந்து வாய் முந்திக்கொண்டது.

மறுநாளும் அடித்திருக்கிறது. ராத்திரி போன் வந்தது. "வே கோமதி, திரும்பவும் கத்துது வே. நாளைக்குக் காலம்பற ஏழு மணிக்கு வாரும். எவன் தொடுதான்னு நானும் கேட்டுக்குப் பின்னால நின்னு பாக்கேன்." நின்று பார்க்கிறேன் என்று அவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்தத் தெருமுனையில் பைக்கைத் திருப்பினேன். திருப்பும்போதே அலாரம் அலறிக்கொண்டிருந்தது. காருக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, பிச்சையா நின்றிருந்தான். பிச்சையா வேறொருவர் ஷெட்டில் தறி ஓட்டுகிறவன். நைட் ஷிப்ட் முடிந்து தூக்குச்சட்டியோடு அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவான். திடீரென்று காதுக்குள் கத்தினால் யாரும் நிற்கத்தானே செய்வார்கள்? அவனும் நின்றான்.

கேட் திறந்தது. இசக்கித்துரையின் கையில் வீல் ஸ்பானர் இருந்தது. பேச்சு வார்த்தை ஒன்றும் இல்லை. முதல் அடி தோளில் விழுந்தது. பிச்சையா தூக்குச்சட்டியோடு குப்புற விழுந்தான்.

"எந்தக் கையாலலே தொட்டே?"

"தொடல அண்ணாச்சி. சத்தியமாத் தொடல."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுலே. எந்தக் கை?"

அவன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்குள் ஒடுக்கிக்கொண்டான். இசக்கித்துரை அவன் வலது கையை இழுத்து, தெருவோரத்துச் சாக்கடை மேல் போட்டிருந்த கல்லில் வைத்து, செருப்புக் காலால் மணிக்கட்டை மிதித்தார். பிறகு ஸ்பானரை இறக்கினார். ஒருமுறை அல்ல. மூன்று முறை. அலாரம் விடாமல் கத்திக்கொண்டிருந்ததால் பிச்சையா கத்தியது எனக்குக் கேட்கவில்லை. வாய் திறந்திருந்ததுதான் தெரிந்தது.

ஏழெட்டு வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் மாவுக் கிண்ணத்தோடு அப்படியே இருந்தாள். ஒருத்தரும் அசையவில்லை. நானும்தான் அசையவில்லை. ஸ்பானரைத் தூக்கி எறிகிறவன் என்று பெயர் வாங்கியவன், பைக் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அண்ணாச்சி, விடுங்க" என்று என் வாயிலிருந்து வந்தபோது அடித்து முடித்திருந்தார்.

ரிமோட்டை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீரு சொன்னது நூத்துக்கு நூறு வே. தொட்டவன் ஆப்ட்டுட்டான்."



ஆம்புலன்ஸ் வந்து பிச்சையாவை ஏற்றிக்கொண்டு போனது. பின்னாலேயே எஸ்.ஐ. வந்தார், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். கார் திருட வந்தவனைப் பிடித்தேன், திமிறினான், அடித்தேன் என்றார் இசக்கித்துரை. சாட்சிக்கு என்னைக் கை காட்டினார். எஸ்.ஐ. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆள் தொடாம இது அடிக்குமா, அடிக்காதா? எனக்கு அதுதான் வேணும். பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுங்க. அடிக்காதுன்னா அவன் மேல திருட்டுக் கேஸ். அடிக்கும்னா இவர் மேல கேஸ். யோசிச்சு எழுதுங்க."

அவர் ஜீப்பில் ஏறியதும் இசக்கித்துரை என் தோளில் கை போட்டார். "சொன்னதையே எழுதிக் குடுத்துரும். உமக்கும் தொழிலு இருக்கு, பிள்ளைக இருக்கு."

"எழுதுதேன் அண்ணாச்சி. போலீஸ்ல எழுதுதோம்லா, இன்னொரு தடவ நல்லாப் பாத்துட்டு எழுதுதேன்."

அவருக்குச் சந்தேகம் ஒன்றும் வரவில்லை. காரை உள்ளே விட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வேட்டியின் ஓரத்தில் பிச்சையாவின் ரத்தம் இருந்தது. அதோடுதான் காபி குடித்தார்.

இந்த முறை நான் வேலையை வேலையாகச் செய்தேன். முதலில் ஷாக் சென்சாரைக் கழற்றி, அவர் பார்க்கிற மாதிரி காரின் கூரை மேல் வைத்தேன். அது இல்லாவிட்டால் வண்டியை யானை வந்து இடித்தாலும் மூளைக்குத் தெரியாது. அதன் பிறகும் அடித்தால், தொட்டதால் அடிக்கவில்லை என்று அர்த்தம். பின்பு தினமும் காலையில் அவர் செய்வதையே செய்தேன். வாளியில் தண்ணீர் பிடித்து, பானெட்டிலிருந்து ஆரம்பித்துக் கழுவினேன். ரிமோட்டை வாங்கி அமுக்கினேன். பத்தடி தள்ளிப் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தேன்.

இருபத்திரண்டு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இசக்கித்துரை இரண்டாவது காபியைக் கேட்டு வீட்டுக்குள் சத்தம் போட்டார். அவர் மனைவி சுமதி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நாற்பது வயதிருக்கும். அவள் நடக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

அலாரம் அடித்தது. காருக்குப் பக்கத்தில் ஈ, காக்கை இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சந்தோஷத்துக்கு அடியிலேயே இன்னொன்றும் வந்தது. அப்படியானால் பிச்சையாவின் கையை உடைத்தது யார்? பாதி அவர், பாதி நான்.

அலாரத்தை அணைத்துவிட்டுப் பானெட்டைத் தூக்கினேன். வலது ஓரத்தில் ஒரு பித்தான் மாதிரி சின்ன ஸ்விட்ச் இருக்கும். பானெட் மூடியிருந்தால் அது அமுங்கியிருக்கும். திறந்தால் மேலே வந்து ஒயர் வண்டியின் பாடியைத் தொடும், அலாரம் அடிக்கும். அந்த ஸ்விட்சைச் சுற்றி, அது உட்கார்ந்திருக்கிற குழி நிறைய, சிவந்த மண் அப்பியிருந்தது. முதல் நாள் பேட்டரி பார்த்த அவசரத்தில் இது என் கண்ணில் படவில்லை. கழுவிய தண்ணீர் வழிந்து மண்ணில் இறங்கி, ஈரம் ஒயரிலிருந்து பாடிக்குப் பாலம் போட்டிருக்கிறது. பானெட்டை யாரோ திறந்துவிட்டார்கள் என்று மூளை நினைத்துக்கொள்கிறது. காய்ந்ததும் சரியாகிவிடும். மறுநாள் கழுவியதும் மறுபடி கத்தும். தினமும் நடந்தது இவ்வளவுதான்.

மண் அங்கே எப்படி வந்தது? ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்தேன். ஓரத்தில் துளி குங்குமம் ஒட்டியிருந்தது. என்னை அறியாமல் நாக்கில் வைத்தேன். எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் அந்த ருசி தெரியும். கோமதியம்மன் கோவில் புற்றுமண். ஜுரம் வந்தால் அதுதான், தேள் கொட்டினால் அதுதான், பரீட்சைக்குப் போனால் நெற்றியில் அதுதான். அதைப் போய் யாரோ ஸ்விட்சில் அப்பியிருக்கிறார்கள். ஒருமுறை அல்ல, அடுக்கடுக்காகப் பல முறை.

நிமிர்ந்தேன். சமையலறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சுமதி நின்றாள். என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ரொம்பச் சின்னதாகத்தான் ஆட்டினாள், ஆனால் அதுபோல ஒரு பயத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

"என்ன வே அது?" இசக்கித்துரை எழுந்து வந்துவிட்டார்.

காலையில் ஒரு சொல்லுக்கு ஒரு கை போயிருக்கிறது. இப்போது உண்மையைச் சொன்னால் என்ன போகும் என்று எனக்குத் தெரிந்தது. "குளவிக் கூடு அண்ணாச்சி" என்றேன். "குளவி மண்ணக் கொண்டாந்து ஸ்விட்சுல கட்டியிருக்கு. தண்ணி பட்டா அடிக்குது. ஆளு தொட்டு அடிக்கல. இத அப்பிடியே ஸ்டேஷன்ல எழுதிரலாம்."

"குளவியா?"

"குளவிதான். நிறைய வண்டியில பாத்திருக்கேன்."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தோண்டி எடுத்து முகர்ந்தார். அடுத்து அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்தது, தடுக்கத்தான் வழி தெரியவில்லை. நாக்கில் வைத்தார். அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தானே.

முகம் மாறியதைப் பார்த்தேன். வீட்டைப் பார்த்துத் திரும்பினார்.

"சுமதி!"

"அண்ணாச்சி, நான்தான் வச்சேன்" என்றேன். "முத நா வந்தப்ப, வண்டி நல்லா இருக்கட்டும்னு..."

என்னை ஒரு கையால் தள்ளிவிட்டுப் போனார். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. கொண்டையைப் பிடித்து அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். அவள் ஒரு சத்தமும் போடவில்லை. படியில் முட்டி இடித்தபோதுகூடப் போடவில்லை.

"ஒன்ன எவட்டி பானெட்டத் தொறக்கச் சொன்னா? ஊருக்கு முன்னால என்னய கோட்டிக்காரனாக்கிட்டியே!"

"குடிச்சிட்டு ஓட்டுதிய" என்றாள். "ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வச்சேன்."

முகத்தைப் பிடித்துப் பானெட் விளிம்பில் மோதினார். மறுபடி மோதினார். வெள்ளை பெயின்ட்டில் ரத்தம் வழிந்தது. நான் போய் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் மூக்கில் ஒன்று விட்டார். கண் இருட்டியது. அந்த மனிதனுக்கு என்னைப் போல மூன்று பேர் பலம். மறுபடி அவள் தலையைத் தூக்கினார்.

இவரை எது நிறுத்தும்? அவள் அழுதாலும் நிற்காது. நான் காலில் விழுந்தாலும் நிற்காது. காலையில் பிச்சையாவை அடித்த அதே வீல் ஸ்பானரைக் கேட் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். ஓடிப்போய் அதை எடுத்தேன். அவர் மண்டையைப் பார்த்தேன். போட்டிருப்பேன், பொய் சொல்லவில்லை. கை மேலே போன பிறகுதான் காரின் முன்கண்ணாடி கண்ணில் பட்டது.

கண்ணாடியில் போட்டேன். முதல் அடியில் வலை வலையாக விட்டது. இரண்டாவதில் உள்ளே பொத்துக்கொண்டு போனது. ஹெட்லைட்டில் ஒன்று, கதவில் ஒன்று, பக்கத்துக் கண்ணாடியில் ஒன்று. மனதில் இருந்ததெல்லாம் கையில் வந்தது. பிச்சையாவுக்காக ஒன்று, என் வாய்க்காக ஒன்று. எவ்வளவு அடித்தும் அந்த வண்டி வாயைத் திறக்கவில்லை. சென்சாரை நான்தானே கழற்றிக் கூரை மேல் வைத்திருந்தேன்.

இசக்கித்துரை பெண்டாட்டியை விட்டுவிட்டு வந்தார். "எலேய், என் வண்டி!" என்று அவர் அலறிய மாதிரி ஒருவன் பிள்ளை செத்தால்தான் அலறுவான். ஸ்பானரைப் பிடுங்கி என் விலாவில் போட்டார். விழுந்தேன். முதுகிலும் தொடையிலும் விழுந்ததை எண்ணவில்லை. காலையில் அசையாத தெரு இப்போது அசைந்தது. கண்ணாடி உடைந்த சத்தம் அவர்களை எழுப்பிவிட்டதோ, பெண்ணின் ரத்தத்தைப் பார்த்துத்தான் வந்தார்களோ, எனக்குத் தெரியாது. நாலு பேர் வந்து அவரை மல்லாத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்கு நான் ஸ்டேஷனில் இருந்தேன். சட்டை முழுக்க மூக்கு ரத்தம். மூச்சு விட்டால் விலா குத்தியது. எதிர் பெஞ்சில் இசக்கித்துரை.

"கார உடைச்சது இவன் சார்" என்றார். "மண்ண வச்சதும் இவந்தான். அவனே எங்கிட்டச் சொன்னான். அந்தத் திருட்டுப் பயலக் காப்பாத்த நாடகம் போடுதான்."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "மண்ணு நீங்க வச்சதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"நீங்கதான் வச்சீங்களா?"

என்ன சொல்வேன்? ஆமாம் என்றால் நாடகம் என்று இசக்கித்துரை சொன்னது உண்மையாகி, பிச்சையா திருடனாகிவிடுவான். இல்லை என்றால் யார் என்று கேட்பார். சொன்னால் சுமதி ராத்திரி அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும்.  ஆஸ்பத்திரியில் பிச்சையாவின் கைக்குப் பிளேட் வைக்க வேண்டும் என்றும், இனி அந்த விரல்களால் அறுந்த நூலை முடிச்சுப் போட முடியாது என்றும் ஒரு போலீஸ்காரர் எஸ்.ஐ.யிடம் வந்து சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் ஆட்டோ நின்றது. சுமதி இறங்கி வந்தாள். உதடு கிழிந்து, ஒரு கண் மூடிப் போயிருந்தது. நெற்றியில் ஒரு துணியை வைத்து அழுத்தியிருந்தாள். தனியாகத்தான் வந்தாள்.

"வீட்டுக்குப் போ" என்றார் இசக்கித்துரை.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. எஸ்.ஐ. காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மண்ணு நான் வச்சது சார். அம்மன் கோயில் மண்ணு. வீட்டுல டப்பாவுல மிச்சம் இருக்கு, ஆள விட்டு எடுத்துக்கிடுங்க. இந்த அண்ணன் என்னயக் காப்பாத்தப் பொய் சொன்னாரு. காலம்பற நான் ஜன்னல்ல நின்னேன். அந்தப் பிச்சையாண்ணன் வண்டியத் தொடல. அது கத்தினப்ப அவரு ஒரு மொழம் தள்ளித்தான் நடந்து போனாரு. அப்பவே நான் ஓடியாந்து சொல்லியிருக்கணும். சொல்லல. பயம்."

எஸ்.ஐ. எழுதிக்கொண்டே வந்தார். நிதானமாக எழுதுகிற மனிதர்.

"அப்போ, யாரும் தொடாமலேயே அடிக்கும்னு சொல்றீங்க."

"ஆமா சார். யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இருந்தாலும் அடிக்கும். என்ன காரணம்னு நானும் பாத்துப் பாத்துச் சலிச்சுட்டேன். பதினோரு வருசமா அடிக்குது."

பேனா நின்றது. எஸ்.ஐ. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"வண்டி வாங்கி நாலு மாசம்னுதானம்மா இவர் சொன்னார்?"

"நான் வண்டியச் சொல்லல சார்" என்றாள் சுமதி.

இசக்கித்துரை எழப் போனார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். எஸ்.ஐ. எழுதியதை ஓரமாக வைத்துவிட்டு, பெண் போலீஸைக் கூப்பிட்டு, புதிதாக ஒரு தாள் கொண்டுவரச் சொன்னார்.